எங்கள் வாவிப் பக்கம் வராத கமரா

'பாலு மகேந்திரா எங்கள் ஊர்க்காரர்' என்று சொல்லிக்கொள்வதில் மட்டக்களப்பாருக்குத் தனிப்பெருமை உண்டு. எனக்கும் உண்டு. மாமாங்கேஸ்வரர் கோயில் கொண்ட அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர். புனித மிக்கேல் கல்லூரி மாணவர். பள்ளிப் பருவத்தில், டேவிட் லீன் இலங்கையில் நடத்திய படப்பிடிப்பை நேரிற் கண்டதே தம்மைச் சினிமாவின்பால் ஈர்த்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

1982இல் வெளியான 'மூன்றாம் பிறை'யை நான் பார்த்தது திரையரங்கில் அன்று. எண்பதுகளின் பிற்பகுதியில், அயல்வீட்டு விறாந்தையில், வாடகைக்கு எடுத்த டெக்கில், ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே. ஊரடங்கு நாட்கள். மண்ணெண்ணெய் தீர்ந்து, ரயில் நிலையக் காட்சி பாதியில் நின்றுபோயிற்று. அதை முழுதாகப் பார்க்க மேலும் சில ஆண்டுகள் காத்திருந்தேன்.

ஊட்டியின் குளிரையும் 'வீடு' படத்தின் அரைகுறைச் சுவர்களையும் இயற்கை ஒளியிற் காட்டிய அந்தக் கமரா ஏன் ஒருமுறைகூட எங்கள் வாவியின் பக்கம் திரும்பவில்லை? இந்தக் கேள்வியைச் சற்றுக் கோபத்தோடுதான் நெடுநாள் சுமந்திருந்தேன். 'அழியாத கோலங்கள்' பார்க்கும்போதெல்லாம், அந்த மூன்று சிறுவர்களின் கிராமம் எங்களுடையதாக இருந்திருக்கலாமே என்று ஏங்குவேன்.

2014 பெப்ரவரி 13இல் அவர் காலமானார். அன்று செய்தி எழுதுகையில் ஆண்டுகளை வரிசைப்படுத்தினேன். முதற்படம் 'கோகிலா' 1977. போர் மூண்டது 1983. முடிந்தது 2009. கடைசிப் படமான 'தலைமுறைகள்' 2013இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 74. எந்த ஆண்டில் வந்து இங்கே கமராவை வைத்திருப்பார்? கோபம் வடிந்துவிட்டது.

"1977க்கும் 1983க்கும் நடுவில் ஆறு வருசம் இருந்ததே அண்ணன்?" என்றார் பக்கத்து மேசை நண்பர். அவருக்குச் சொல்ல இன்றும் என்னிடம் பதில் இல்லை.