நாற்றம் நின்று போனால்...

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மற்ற வீடுகளில் மூக்கைப் பொத்திக் கொள்வார்கள். எங்கள் வீட்டிலோ எழுந்து வாசலுக்கு ஓடுவோம். "உங்க குடும்பத்துக்கே என்ன வந்துச்சு?" என்று எதிர்வீட்டு அக்கா கேலி செய்வாள். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பல வருஷங்களாக யாரிடமும் சொல்லாத கதை.

என் கணவர் வளைகுடா நாடு ஒன்றில், கச்சா எண்ணெய் நிலையத்தில் பிட்டராக வேலை பார்த்தவர். கல்யாணமாகி மூன்றாம் மாதமே விமானம் ஏறிவிட்டார். "உனக்கென்னம்மா, எண்ணெய்க் கம்பெனிச் சம்பளம்!" என்று சொல்லாதவர்கள் கிடையாது. நானும் பெருமையாகத்தான் சிரித்துக் கொள்வேன்.

1999-ல், லீவு இல்லாத நேரத்தில் திடீரென்று வந்து நின்றார். கையில் பொம்மை இல்லை, சோப்பு இல்லை, சென்ட் இல்லை. சரியாகச் சாப்பிடவில்லை. நடுராத்திரியில் எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்து விடுவார். பத்து நாள் கழித்துத் தானாகவே வாய் திறந்தார்.

சில இடங்களில் பூமிக்கு அடியிலிருந்து எண்ணெயோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவும் வருமாம். கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்திலும் தொட்டியின் அடியிலும் போய்த் தங்கிவிடும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதுவே 10 லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு என்ற அளவுக்கு ஏறிவிட்டால், சில நிமிஷங்களில் மூக்கு மரத்துப் போகும். "அப்பாடா, நாத்தம் போயிடுச்சு" என்று மனுஷன் நிம்மதியாக இருப்பான். ஆபத்து அங்கேதான். அளவு இன்னும் பல மடங்கு கூடினால், ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்து விடுவான்.

இவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர், நம் பக்கத்துப் பிள்ளை. பள்ளத்துக்குள் இருந்த ஒரு வால்வைப் பழுது பார்க்க இறங்கினார். இறங்குமுன் மீட்டர் வைத்து வாயுவைச் சோதிக்க வேண்டும். அவசரம் என்று சொல்லி, அன்றைக்கு அதைச் செய்யவில்லை. இறங்கியவர் விழுந்தார். அவரைத் தூக்க இன்னொரு பையன் இறங்கினான். அவனும் விழுந்தான். இவரும் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். பயிற்சியில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். காலை எடுத்துவிட்டு, கத்திக்கொண்டே ஓடி, சிலிண்டரும் முகமூடியும் கொண்டு வந்தார். அதற்குள் இரண்டு உயிரும் போய்விட்டது.

உடலோடு ஊருக்கு வந்தவர் இவர்தான். அங்கே நண்பரின் தாயார் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடத்தானே இருந்தே தம்பி, ஒரு கை குடுத்துத் தூக்கியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாராம்.

அந்தக் கேள்விதான் இவரைத் தூங்கவிடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குள்ளும் அதே கேள்வி எழுந்தது. என் தாலி தப்பியது என்று ஒரு பக்கம் சந்தோஷம். இவர் பயந்து நின்றுவிட்டாரோ என்று இன்னொரு பக்கம் சந்தேகம். இரண்டையும் மனசுக்குள்ளேயே போட்டுப் பூட்டிவிட்டேன். அவர் திரும்ப வெளிநாடு போகவில்லை. சின்னதாக ஒரு பட்டறை வைத்தோம்.

2003 டிசம்பர் 23 அன்று இரவு, சீனாவில் சோங்சிங் பகுதியில் ஒரு இயற்கை வாயுக் கிணறு கட்டுமீறிப் பீறிட்டது. இதே விஷவாயு ஊருக்குள் பரவி 243 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமவாசிகள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்தவர் அன்று முழுவதும் பேசவில்லை.

2014 மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ம் வருஷச் சட்டமே தடை செய்திருக்கிறது. யார் கேட்கிறார்கள்? இறங்கிய மனிதர் சத்தமில்லாமல் சரிந்தார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் பையன், தெருப் பையன்கள் இரண்டு பேரோடு இறங்க ஓடினான். இவர் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். மற்ற இருவரையும் காலால் மறித்தார்.

"விடுங்கப்பா! ஒரு உயிர் போகுது!"

"நீ போனா நாலு உயிர் போகும்டா!"

கூட்டம் வாய்க்கு வந்தபடி இவரைத் திட்டியது. தீயணைப்புப் படையினர் முகமூடியோடு வந்து தூக்கினார்கள். அந்த மனிதர் பிழைக்கவில்லை, பாவம். இறங்க ஓடிய மூன்று பிள்ளைகளும் இன்று குழந்தை குட்டியோடு இருக்கிறார்கள்.

அன்று இரவும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்னங்க, அன்னிக்கு நீங்க செஞ்சது சரிதான். இத்தனை வருஷம் அதை நான் உங்ககிட்ட சொல்லாம இருந்ததுதான் தப்பு" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

சகோதரிகளே, கழிவுத் தொட்டியிலும் பாழுங்கிணற்றிலும் இதே விஷவாயு இருக்கலாம். யாரையும் இறங்க விடாதீர்கள். விழுந்தவரைத் தூக்க வெறும் முகத்தோடு எவரும் இறங்கக் கூடாது. உடனே தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். உங்கள் கணவரோ பிள்ளையோ எண்ணெய், வாயு நிலையத்தில் வேலை செய்தால், போனில் "சாப்பிட்டீங்களா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இறங்கறதுக்கு முன்னாடி வாயு சோதிச்சாங்களா?" என்றும் கேளுங்கள். நாலு தடவை சிரிப்பார்கள். ஐந்தாம் தடவை, ஏணியில் கால் வைக்கும்போது உங்கள் குரல் ஞாபகம் வரும்.