விழித்திருக்கக் கற்றல்

நோயில்பூசுதல் வழங்க எந்நேரமும் அழைக்கப்படும் அருட்பணியாளர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு புதிய இடமன்று. கருவிகளின் ஒலியும் திரைகளின் ஒளியுமே அங்கு முதலில் நம் கருத்தை ஈர்க்கின்றன. ஆயினும் அவ்வொலிக்கும் ஒளிக்கும் பொருள் காண, கற்றறிந்த ஒருவர் அருகில் நின்றாக வேண்டும்.

இத்துறை பிறந்த வரலாறே இதற்குச் சான்று. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்தோர் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். பியோன் இப்சன் என்னும் மயக்கவியல் மருத்துவர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையை அழுத்திக் காற்றுச் செலுத்தும் அறுவைக்கூட முறையை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் கையாலேயே அப்பையை அழுத்தினர். 1953இல் அந்நகரில் அவர் தொடங்கிய பிரிவு, இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடியாயிற்று. இப்சன் 1940இலேயே மருத்துவரானவர். எனினும் 1949இல் பாஸ்டன் நகருக்குச் சென்று மீண்டும் மாணவராய் அமர்ந்தார். அந்த இரண்டாம் கல்வியே பின்னர்ப் பலருக்கு மூச்சாயிற்று.

நம் பங்கைச் சேர்ந்த செவிலியர் ஒருவரும் இவ்வழியில் சென்றார். எட்டு ஆண்டுகள் பணிபுரிந்தபின், இந்திய செவிலியர் மன்றம் வகுத்துள்ள தீவிர சிகிச்சைக்கான ஈராண்டு முதுநிலைப் படிப்பில் சேர்ந்தார். பணி அனுபவம் உள்ளவர்களுக்கான படிப்பு அது. வகுப்பறையைவிட நோயாளியின் அருகே கழியும் நேரமே அதில் மிகுதி. "வேலைதான் இருக்கிறதே, இனி எதற்குப் படிப்பு?" என்று வீட்டார் தடுத்தனர். பிள்ளைகள் இருவரும் சிறியவர்கள். அவர் நம்மிடம் சொன்னது இதுவே: "ஏதோ சரியில்லை என்று மனம் சொல்கிறது, சாமி. அது என்னவென்று டாக்டரிடம் எடுத்துச்சொல்லத் தெரியவில்லை. அது எனக்குத் தெரிய வேண்டும்."

இதயம் திடீரென நின்றுவிட்டது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் சில மணி நேரம் முன்னரே உடல் அறிகுறி காட்டியிருக்கும். மூச்சின் வேகம் கூடும், சிறுநீர் குறையும், தெளிவாகப் பேசியவர் குழம்பிப் பேசுவார். இவற்றைச் சேர்த்துப் பார்த்து, காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அழைப்பதை அவர் கற்றார்.

நிறுத்த வேண்டிய இடத்தை அறிவதும் இக்கல்வியின் பகுதியே. மீளும் நம்பிக்கை அற்ற நிலையில், இயல்புக்கு மிஞ்சிய வழிகளால் உயிரை நீட்டிக்கும் கடமை இல்லை என்று 1957 நவம்பரில் மயக்கவியல் மருத்துவர்களிடம் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் எடுத்துரைத்தார். குருமடத்தில் நாம் இதை ஏட்டுப் பாடமாகவே கற்றோம். அதன் கனத்தை ஒரு முதியவரின் படுக்கையருகில் உணர்ந்தோம். இனிச் செய்வதற்கொன்றுமில்லை என மருத்துவர் கூறிச் சென்றபின், படிப்பு முடித்துத் திரும்பியிருந்த அச்செவிலியர் முதியவரின் மனைவியருகே அமர்ந்தார். "அப்பாவுக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம், அம்மா. நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள்" என்றார். செய்வதற்கு இன்னும் ஒன்று இருந்தது என்பதை அத்தாய் அப்போது அறிந்தார்.

ஆனால் அவர் திரும்பியது பழைய பதவிக்கும் பழைய ஊதியத்திற்கும்தான். பொறுப்பு மட்டுமே கூடியது. கற்றவருக்கு அதற்கேற்ற இடமளிக்கத் தயங்கும் நிறுவனங்கள், அடுத்தவர் கற்க முன்வரும் ஆர்வத்தையும் அணைத்துவிடுகின்றன. இழப்பு நோயாளிக்கே.

மணவாளனுக்காகக் காத்திருந்த கன்னியர் அனைவரிடமும் விளக்கு இருந்தது; எண்ணெயும் எடுத்துச் சென்றோர் ஐவரே. நம் பங்குகளிலும் மீண்டும் கற்க விழையும் செவிலியர் இருப்பர். இரவுப் பணியும் படிப்பும் ஒருங்கே சுமக்கும் அவர்களின் பிள்ளைகளை ஒரு மாலைப்பொழுது நாம் பார்த்துக்கொண்டால், அதுவும் அவ்விளக்கிற்கு வார்க்கும் எண்ணெயே.