இருவர் கூடாரம்: பெட்டியில் எழுதாத கணக்கு

வாரத்தில் ஐந்து நாள், விடியற்காலையில் வானொலியில் வானிலை சொல்கிறவள் நான். "பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்" என்ற வரியை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அப்படிப்பட்ட நான்தான் ஒரு சனிக்கிழமை, 79 ரிங்கிட் கூடாரம் ஒன்றைத் தங்கையின் பையில் கட்டிவிட்டு நுவாங் மலைக்குப் புறப்பட்டேன்.

குனோங் நுவாங், சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. உயரம் 1,493 மீட்டர். உலு லங்காட் பத்து 18 தாண்டி பங்சூனில் காரை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினால், முதல் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரே மண்பாதை. செங்குத்தாக ஏறாது, ஆனால் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மலையேறிகள் அதற்கு வைத்த பெயர் 'முடிவில்லாச் சாலை'. அதன் முடிவில் ஆற்றோரமாக லோலோ முகாம். அதற்கு மேல் பாச்சாட் முகாம். பாச்சாட் என்றால் அட்டை, பெயர்க் காரணத்தை உங்கள் காலுறையே சொல்லிவிடும். பிறகு பெங்காசே சிகரம், அதையும் தாண்டி இறங்கி ஏறினால் உச்சி.

எங்கள் திட்டம் லோலோவில் ஓர் இரவு, மறுநாள் உச்சி. உச்சியை நாங்கள் பார்க்கவே இல்லை.

மாலை நான்கு மணிக்கு மழை பிடித்தது. கூடாரத்தை விரித்து நிறுத்துவதற்குள் உள்பக்கம் நனைந்துவிட்டது. இரவு எட்டுக்குத் தையல் வழியாகச் சொட்டத் தொடங்கியது. பத்து மணிக்குக் கண்ணாடியிழைக் கம்பி ஒன்று படாரென்று பிளந்தது. நள்ளிரவில் தங்கையின் படுக்கைக்கு அடியில் தண்ணீர். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. நடுங்கிக்கொண்டே மூச்சு மருந்தைத் தேடினாள். பக்கத்தில் தங்கியிருந்த ஒரு மலாய்க் குடும்பம் டார்ச் விளக்கோடு வந்து, "மாரி, டிக், மாரி" என்று அழைத்துத் தங்கள் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார வைத்து, சூடாகக் கோப்பி ஓ கொடுத்தது.

காலையில் இறங்கினோம். கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பைகளையும் தூக்கி வைத்தபோதுதான் உணர்ந்தேன். என் பையைவிட அவள் பை நன்றாகவே கனத்தது. கூடாரம் மட்டும் மூன்றரைக் கிலோ. "நீதான் ஜிம்முக்குப் போறியே" என்று சிரித்துக்கொண்டே நான் அதை அவளிடம் தள்ளியிருந்தேன். வழி நெடுக அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "அக்கா, அடுத்த தடவை நீ உன் கூட்டாளிங்களோட போ" என்றாள்.

அதற்குப் பிறகுதான் கூடாரத்தைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன்.

'இருவர்' என்றால் என்ன?

பெட்டியில் '2 பேர்' என்று போட்டிருந்தால், இரண்டு படுக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் இடிபடாமல் கிடக்கும் என்று மட்டும்தான் பொருள். வழக்கமான மலையேற்றப் படுக்கை ஒன்றின் அகலம் 51 சென்டிமீட்டர். இரண்டுக்கும் 102. உள் அகலம் 125 முதல் 130 சென்டிமீட்டர் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பைகளுக்கு உள்ளே இடமில்லை. அவை வெளி மறைப்பின் முன்திண்ணையில்தான் கிடக்க வேண்டும். ஆகவே நீள அகலத்தோடு திண்ணையின் அளவையும் பாருங்கள்.

கதவு எத்தனை என்பதும் சின்ன விஷயமில்லை. ஒரே கதவு என்றால், இரவில் ஒருவர் வெளியே போக இன்னொருவரைத் தாண்ட வேண்டிவரும். மலிவு விலையில் பலரும் வாங்கும் நேச்சர்ஹைக் நிறுவனத்தின் 'கிளவுட் அப் 2' ஒரு கதவுள்ளது. 'மோங்கார் 2' இரு பக்கமும் கதவுள்ளது, ஆனால் கனம் சற்றுக் கூடுதல். உடன் வருபவர் யார் என்று தெரிந்தால் இந்த முடிவு சுலபம்.

நம் மழைக்கு எது தாங்கும்?

இணையத்தில் வரும் பரிந்துரைகளில் பல, குளிர் நாட்டுக்காரர்கள் எழுதுபவை. அவர்கள் காற்றையும் பனியையும் நினைத்து வாங்குகிறார்கள். நமக்குப் பகையாவது கொட்டும் மழையும் புழுக்கமும்தான்.

கூடாரத் துணியில் '1500 மி.மீ.', '3000 மி.மீ.' என்று எழுதியிருப்பார்கள். துணியின் மேல் அத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி வைத்தாலும் கசியாது என்பது அதன் அர்த்தம். மேல் மறைப்புக்கு 1500க்குக் குறையக் கூடாது. தரைக்கு 3000 அல்லது அதற்கு மேல் நல்லது. ஏனென்றால் முழங்காலோ முழங்கையோ ஊன்றும்போது அழுத்தம் அங்கேதான் விழுகிறது. ஆனால் எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். எங்கள் முதல் கூடாரத்தின் பெட்டியிலும் அழகான எண் இருந்தது. ஒழுகியது தையல். மேல் மறைப்பைத் திருப்பிப் பாருங்கள்; தையலின் மேல் நாடா ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் தையலுக்குப் பூசும் பசை ஒரு குழாய் வாங்கி நாமே பூசிக்கொள்ளலாம்.

இரண்டடுக்குக் கூடாரமே நமக்குச் சரி. உள்ளே கொசுவலை, வெளியே மழை மறைப்பு. இருவர் இரவு முழுக்க விடும் மூச்சின் ஈரம் வெளித் துணியில் நீர்த்துளியாகப் படியும். ஓரடுக்குக் கூடாரத்தில் அது நேராக முகத்தில் சொட்டும். பலர் அதைத்தான் 'ஒழுகுது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டடுக்கில் நடுவே காற்று ஓடும், துளி வலைக்கு வெளியே வழிந்துவிடும். காற்றுப் போகும் துவாரம் மேலே இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

கனம், காசு, துணி

20டி, 70டி என்று துணியைப் பிரிப்பார்கள். டி என்பது டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். எண் குறையக் குறைய மென்மை, இலகு, விலை உயர்வு. முள்ளில் பட்டால் கிழியும் பயமும் கூடும்.

நைலான் இலகுவானது, இழுத்தால் தாங்கும். ஆனால் நனைந்தால் தொய்யும். இரவில் ஒருமுறை எழுந்து கயிற்றை இறுக்க வேண்டிவரலாம். பாலிஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும், விலையும் குறைவு. பதிலுக்குச் சில நூறு கிராம் கூடும். என் கணக்கில், மாதம் ஒருமுறை போகிறவர் நைலானுக்குக் காசு கொடுக்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை போகிறவருக்குப் பாலிஸ்டர் போதும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் கம்பி. கண்ணாடியிழைக் கம்பி மலிவு, ஆனால் கனம், பிளந்தால் சிம்பு கையில் ஏறும். அலுமினியக் கம்பி வளைந்தாலும் அன்றிரவை ஓட்டிவிடலாம். உடைந்த கம்பிக்கு மாட்டும் சிறு குழல் ஒன்று கூடவே வருகிறதா என்று கேளுங்கள்.

ஊன்றுகோல்களையே கம்பியாக வைத்து நிறுத்தும் கூடாரங்களும் உண்டு. 'லான்ஷான் 2' அந்த வகை; எடை ஏறக்குறைய ஒரு கிலோவை ஒட்டி நிற்கும். காசுக்கும் கனத்துக்கும் அதை மிஞ்சுவது கடினம். ஆனால் முளைகள் மண்ணில் இறுகப் பிடித்தால்தான் அது நிற்கும். மரப்பலகைத் தளத்திலும் கடற்கரை மணலிலும் திண்டாட்டம். முதல்முறை வாங்குபவருக்குத் தானே நிற்கும் வகைதான் என் பரிந்துரை.

தாமே விரியும் 'தூக்கிப் போடு' கூடாரங்களைப் பற்றியும் கேட்பீர்கள். பூங்காவுக்கும், கார் பக்கத்திலேயே நிற்கும் இடத்துக்கும் அருமை. மடித்தால் பெரிய தட்டு போல ஆகும் அதை முதுகில் கட்டிக்கொண்டு காட்டுப் பாதையில் நுழைந்தால், ஒவ்வொரு கிளையும் பிடித்து இழுக்கும்.

நான் கடைசியில் வாங்கியது இரண்டு கிலோவுக்குக் குறைந்த, அலுமினியக் கம்பியுள்ள ஒரு கூடாரம். சலுகை விலையில் 380 ரிங்கிட். வாங்கத் தயக்கம் இருந்தால் நண்பரிடம் இரவல் கேளுங்கள். மலையேற்றப் பொருள் கடைகளில் வாடகைக்கும் கிடைக்கிறது.

வாசலில் ஒரு மலை

புதுக் கூடாரத்தை முதலில் விரித்தது எங்கள் வீட்டு வாசலில். குழாயை எடுத்து அரைமணி நேரம் தண்ணீர் அடித்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்த தங்கை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். "ஒழுகல," என்றாள். அம்மாதான் கதவருகே நின்று, "உள்ள ரெண்டு ரூம் சும்மா கிடக்கு. இதுங்க வாசல்ல படுத்திருக்குதுங்க. எதிர்வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?" என்று புலம்பினார்.

அன்று எடைபோடும் தராசைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். மேல் மறைப்பும் கம்பியும் என் பையில். உள்வலையும் முளைகளும் அவள் பையில். அடுப்பு எனக்கு, அரிசியும் மேகியும் அவளுக்கு. ஒருவர் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவு. 50 கிலோ உள்ளவருக்குப் பத்துக் கிலோ. இருவர் கூடாரத்தின் உண்மையான வசதி இதுதான்: பாதி எடை. பங்கு போடாவிட்டால் அந்த வசதி ஒருவருக்கு மட்டுமே.

இடமே பெரிது

எவ்வளவு நல்ல கூடாரமும் தவறான இடத்தில் உதவாது. 2022 டிசம்பர் 16, அதிகாலையில் பத்தாங் காலி அருகே ஒரு முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் உயிரிழந்ததை நாம் மறந்துவிட முடியாது. சரிவின் அடியிலும், வெட்டிய மண்மேட்டின் ஓரத்திலும், பட்டுப்போன மரத்தின் கீழும் கூடாரம் அடிக்காதீர்கள்.

ஆற்றங்கரையில் 'கெப்பாலா ஆயர்' என்னும் திடீர் வெள்ளம் இன்னோர் ஆபத்து. நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும். மேலே மலையில் பெய்த மழை ஒரே அலையாக இறங்கும். தெளிந்த நீர் தே தாரிக் நிறத்துக்குக் கலங்கினால், இலைதழைகள் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், பொருளைப் பார்க்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். காட்டுக்குள் தங்கும் முன் வன இலாகாவிடம் அனுமதி, வழிகாட்டி குறித்த விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. தீ மட்டுமல்ல, புகையில்லாத நச்சு வாயுவும் கொல்லும்.

மறுபடியும் லோலோ

நான்கு மாதம் கழித்து நாங்கள் மறுபடியும் போனோம். இம்முறை ஆற்றைவிட்டு நன்கு தள்ளி, சற்று மேட்டில் இடம் பிடித்து, மதியம் இரண்டு மணிக்கே கூடாரத்தை நிறுத்திவிட்டோம். தரைவிரிப்பின் ஓரம் வெளியே நீட்டாமல் உள்ளே மடித்தோம். நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை அதுவே பிடித்து அடியில் சேர்க்கும்.

மழை அன்றும் நான்கு மணிக்கே வந்தது. துணிமேல் அது அடிக்கும் சத்தத்தில் பேச முடியவில்லை. ஒன்பது மணிக்குத் தங்கை தூங்கிப்போனாள். நான் விளக்கைப் போட்டு ஒவ்வொரு தையலாகப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். இரண்டு முறை எழுந்து கயிற்றை இறுக்கினேன். விடியும்வரை உள்ளே ஒரு சொட்டுக்கூட விழவில்லை. உச்சிக்குப் போனோமா என்று கேட்பீர்கள். போனோம், மூடுபனியில் ஒன்றுமே தெரியவில்லை.

ஊர் திரும்பிய அன்று மாலையே கூடாரத்தைக் கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும். ஈரத்தோடு பையில் திணித்தால் பூஞ்சை பிடிக்கும். நம் ஈரக்காற்றில் உள்பூச்சும் பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்து, உரிந்துவிடும். 380 ரிங்கிட் கூடாரம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அந்த ஒரு மாலைதான் தீர்மானிக்கிறது.

நான் களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அம்மாவின் சேலைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கூடாரத்தைக் கொடியில் போட்டது தங்கை. "அக்கா, பள்ளி விடுமுறைக்கு முன்னாடியே அடுத்த இடத்தைச் சொல்லிடு. கூட்டம் வந்துரும்," என்றாள்.