வெயிலில் வெளிறாத முகம்

விசுவமடுவில் என் தங்கையின் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஓர் அக்கா வசிக்கிறார். சென்ற ஆண்டு ஆடி மாதம் அங்கு போயிருந்தபோது, பிளாஸ்ரிக் உறையிட்ட ஒரு படத்தை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். அது அவருடைய மூத்த மகனின் படம். 2009 சனவரி இறுதியில் விசுவமடு மக்கள் கிழக்கு நோக்கி ஓடியபோது மகனும் உடன் ஓடினார். அதன் பின் நான்கு மாதங்களுக்குள் எங்கோ தொலைந்தார்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் இந்த அக்காவும் இருந்தார். கொட்டகையில் தொங்கியும் ஊர்வலங்களில் கையில் ஏந்தப்பட்டும் அந்தப் படம் பல கோடைகளைக் கண்டுவிட்டது. மஞ்சளும் சிவப்பும் போய், நீலம் பூத்த ஒரு நிழல் மட்டுமே எஞ்சியிருந்தது. கடைக் கண்ணாடியில் நெடுநாள் ஒட்டிய விளம்பரங்களுக்கும் இதுவே நடக்கிறது. சாய மைகளில் வெயிலுக்கு அதிகம் தாக்குப்பிடிப்பது நீலம்தான்.

"தம்பி, வெயிலுக்கு வெளிறாத படம் ஒண்டு செய்யேலாதோ?" என்று கேட்டார்.

நான் பழைய படமுறைகளை வைத்து விளையாடுகிறேன் என்பது அயலுக்குத் தெரியும். மஞ்சளை மதுசாரத்தில் ஊறவைத்துத் தாளில் பூசி, மேலே இலையோ படச்சுருளோ வைத்து வெயிலில் காயவிட்டு, வெங்கார நீர் தடவி எடுத்த படங்களை அவரும் பார்த்திருக்கிறார். தாவரச் சாற்றில் படம் எடுக்கலாம் என்பதை ஜோன் ஹேர்ஷல் 1842இலேயே எழுதிவைத்தார். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் படத்தை நிலைநிறுத்த வழியில்லை. அதை உண்டாக்கிய வெயிலே பின்னர் அதைத் தின்றுவிடும். அக்காவுக்கு அதைக் கொடுக்க முடியாது.

அப்போதுதான் பிசின் அச்சு நினைவுக்கு வந்தது. பத்திரிகைக்காரனுக்கு இது புதிய உறவு அல்ல. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் அச்சுத் தகட்டுக்கு முட்டை வெண்கருவோ பிசினோ பொற்றாசியம் இருகுரோமேற்றுடன் கலந்து பூசுவார்கள். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் தண்ணீரில் கழுவுப்படும். மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் கிடைக்காத 90களில் தகட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்து வெயிலுக்கு ஓடியிருக்கிறோம். பிசின் அச்சும் இதே தத்துவந்தான். தகட்டுக்குப் பதில் தாள், பிசினோடு நிறப்பொடி. இருகுரோமேற்றின் ஒளியுணர்வை 1839இல் மங்கோ பொன்ரன் கண்டார். 1855இல் அல்போன்ஸ் புவாத்தவான் அதில் நிறப்பொடியைச் சேர்த்தார். சாயம் வெளிறும், கரி வெளிறாது. எங்களுக்கு வேண்டியது அதுதான்.

வளவில் நின்ற விளாமரத்தின் பிசினை இரவு முழுதும் ஊறவைத்து வேட்டித் துணியில் வடித்தேன். வேலம் பிசின் கிடைக்காத இடத்தில் விளாம்பிசின் உதவும். சிரட்டைக் கரியை அம்மியில் மைபோல அரைத்துக்கொண்டேன். தாளை முதலில் சுடுநீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னர் அது சுருங்கி, அடுத்த பூச்சு விலகிப்போகும். பிறகு ஜெலற்றின் பூச்சு. படத்தைப் பெருக்க ஒளி போதாது என்பதால், அச்சு எந்த அளவோ அந்த அளவிலேயே எதிர்ப்படம் வேண்டும். அக்கா சேலைப் பெட்டியில் பொத்திவைத்திருந்த சிறிய மூலப்படத்தைப் பிரதியெடுத்து, கணினியில் எதிர்ப்படமாக்கி, ஒளிபுகும் தாளில் அச்சிட்டேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இருகுரோமேற்று கொடிய நஞ்சு, புற்றுநோய் தரக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டெம்பருக்குப் பின் சிறப்பு அனுமதியின்றி அதைப் பயன்படுத்த முடியாது. கையுறை இல்லாமல் தொடக்கூடாது. வன்னியில் நாங்கள் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். ஆகவே கழுவிய நீரைக் கலனில் சேர்த்து, விற்றமின் சி கரைத்துவிடுவேன். செம்மஞ்சள் நீர் பச்சையாகும். நச்சுக் குரோமியம் தீங்கு குறைந்த வடிவுக்கு மாறும். அப்போதும் அதை நிலத்தில் ஊற்றுவதில்லை.

முதல் அச்சை நண்பகல் வெயிலில் ஆறு நிமிடம் வைத்தேன். தண்ணீர்த் தட்டில் முகம் கீழே பார்க்கத் தாளை மிதக்கவிட்டு, அரைமணி கழித்துப் புரட்டினால் வெறுந்தாள். முகம் முழுவதும் கரைந்து தட்டின் அடியில் கரியாகக் கிடந்தது. நல்ல வேளையாக அக்கா அப்போது அங்கில்லை. அந்தத் தண்ணீரைக் கலனில் ஊற்ற எனக்கே மனம் வரவில்லை.

நான்காவது அச்சு பிடித்தது. ஓவியம் போல மென்மையான முகம். பிரெஞ்சுக்காரரான ரொபேர் டெமாஷி 1890களில் பிசின் அச்சைக் கலையாக்கியதே இந்த மென்மைக்காகத்தான். பெருமையோடு அக்காவிடம் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு தம்பி. ஆனா மேலுதட்டு மச்சத்தைக் காணேல்லையே. அது இல்லாட்டி அவனெண்டு ஆர் சொல்லுவினம்?"

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கலைக்காகத் துறக்கலாம் என்று நான் நினைத்த விவரம், அவருக்கு மகனின் அடையாளம். ஜூலியா மார்கரெட் கமரன் நினைவுக்கு வந்தார். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் திக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானவர். தம் சிறந்த படங்கள் வெளிறக்கூடாது என்று அந்த 1875இலேயே கரி அச்சில் எடுப்பித்தவர். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை சில. அவற்றில் இருக்கும் உள்ளூர் மனிதர் பலரின் பெயர்கள் பதிவாகவில்லை. படம் நிலைத்தது, ஆள் யாரென்பது போய்விட்டது. இந்த அக்கா அஞ்சுவதும் அதற்குத்தான்.

பிசின் அச்சில் ஒரு நன்மை உண்டு. அதே தாளில் மீண்டும் பூசலாம். கரியைக் குறைத்து, பூச்சை மெல்லியதாக்கி, மூலைகளில் ஊசி குத்தி எதிர்ப்படத்தைப் பழைய இடத்திலேயே பொருத்தினேன். தடித்த கண்ணாடியால் அழுத்தி, கூடுதல் நேரம் வெயிலில் வைத்தேன். இரண்டாம் பூச்சில் கண்ணிமை தெளிந்தது. மூன்றாம் பூச்சில், தண்ணீருக்குள் தாளைப் புரட்டியபோது, மேலுதட்டின் இடப்பக்கத்தில் கடுகளவில் ஒரு கரும்புள்ளி நின்றது. காய்ந்த பின்னும் நின்றது.

அக்கா சிறிய மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பிறகு புள்ளியை விரலால் மெல்லத் தொட்டார்.

"இப்ப சரி. இன்னுமொண்டு செய்து தாங்கோ தம்பி. இது வீட்டுக்கு. மற்றது வீதிக்கு."

இரண்டாவதையும் செய்து கொடுத்தேன். அதன் பிறகு அயலில் இன்னும் மூன்று தாய்மார் படங்களோடு வந்தார்கள். இப்போது படத்தை வாங்கும்போது நான் முதலில் கேட்பது, "பிள்ளையின்ர முகத்தில என்ன அடையாளம்?" என்பதைத்தான்.