காவிரிக்குப் பெரிய படகா, சிறிய படகா?

உறையூருக்கு வடக்கே ஓடும் காவிரியில் உல்லாசப் பயணத்துக்கென விசைப்படகு வாங்க எண்ணுவோர் எத்தனை பேர் ஏறலாம் என்பதையே முதலில் கேட்பராயினும், ஆற்றையே பிழைப்பாகக் கொண்ட பரிசல்காரர்கள் மணல்திட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பர். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முந்தைய கோடையில் திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் இடைப்பட்ட ஆறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். தண்ணீர் வந்த பின்னரும் திட்டுகள் இடம் மாறுவதால், சென்ற ஆண்டு ஓடம் போன இடத்தில் இவ்வாண்டு முழங்கால் அளவே நீர் இருக்கக்கூடும்.

இந்த ஆற்றின் இயல்பறிந்து உருவானது பரிசல், அதாவது மூங்கிலால் முடையப்படும் வட்டத் தோணி. மூங்கிலைப் பிளந்து சீவிய பிளாச்சுகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அடித்தட்டை முடைந்து, நடுவே கல்லைப் பாரமாக ஏற்றி, முனைகளை மேலே வளைத்து, வாயைச் சுற்றித் தடித்த விளிம்பு பின்னி முடிப்பர்; முன்னர் வெளிப்புறத்தை மாட்டுத்தோலால் போர்த்தினர், இன்று நெகிழித்தாளும் தாரும் அதற்கு ஈடாகின்றன. சுற்றிச் சுழலாமல் இருக்க, ஓட்டுபவர் முன்விளிம்பில் அமர்ந்து ஒற்றைத் துடுப்பால் நீரைத் தம்மை நோக்கி வாரி இழுப்பார்.

ஆறரை அடி விட்டமுள்ள பரிசல், தன் எடையும் சேர்த்து 400 கிலோ பாரத்துடன் ஏறத்தாழ அரை அடிக்குள்தான் நீரில் அமிழும். விட்டத்தை ஒன்றரை மடங்காக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்காவதால், அதே பாரத்துக்கு அது இன்னும் குறைவாகவே அமிழும். ஆயினும் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிச் செல்லவும் ஒருவர் துடுப்பால் திருப்பவும் இயலாத பெரும்பாரமாகிவிடும் என்பதால் முடைபவர்கள் அளவை அடக்கியே வைத்துள்ளனர்.

விசைப்படகில் கணக்கு வேறு. வெளிப்பொருத்து எந்திரத்தின் விசிறி படகின் அடிக்குக் கீழே இறங்கி நிற்பதால், உடல் மிதக்குமிடத்திலும் விசிறி மணலைக் கிளறும். படகு பெரிதானால் எந்திரமும் பெரிதாக, இத்தொல்லை கூடும். பெரிய படகின் மெய்யான நன்மை அலை தாங்குவதே. அத்தகைய அலை உறையூர்க் காவிரியில் எழுவதில்லை. வெள்ளமோ வேறு, 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளைச் சாய்த்த அந்த நீரில் எந்தப் படகையும் இறக்கலாகாது.

பெரிது என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடுவதுமில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஈரடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். மேல்தளத்தில் ஆள் ஏற ஏறப் படகின் எடைமையம் உயர்வதும், அவர்கள் ஒரே பக்கம் திரளும்போது படகு சாய்வதும் இத்தகைய படகுகளுக்கே உரிய ஆபத்து. பிச்சாவரத்தில் அகன்ற வாய்க்கால்களில் விசைப்படகும், அலையாத்திக் காட்டின் குறுகிய உட்கால்களில் துடுப்புப் படகும் செல்வது இடத்துக்கேற்ற ஏற்பாடு.

ஆகவே உறையூர்ப் பகுதிக்குத் தட்டையடியுள்ள சிறிய படகே தகும். முன்பணம் கொடுக்குமுன், வைகாசி வெயிலில் ஒருமுறை ஆற்றுக்குள் இறங்கி, நீர் வந்ததும் மறையப்போகும் திட்டுகளையும் பள்ளங்களையும் நடந்தே பார்த்துவிடுவது நல்லது.