இரவல் வாளும் இழந்த எல்லையும்

நாம் வாழும் சோமனூர் இன்று விசைத்தறி ஓசையால் அறியப்படும் ஊர். எந்த நாட்டின் எல்லையும் இதன் அருகில் இல்லை. ஆயினும் இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இந்தக் கோயமுத்தூர்ச் சீமை முழுவதுமே ஓர் எல்லைப்புறமாக இருந்தது. 1790 இல் கும்பினிப் படை கோயமுத்தூரைக் கைப்பற்றிற்று. 1791 இல் மைசூர்த் தளபதி கமருத்தீன் கான் அதனை மீட்டார். 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் இச்சீமை கும்பினியின் கைக்கே போய்ச் சேர்ந்தது. அன்றைய கோட்டை இன்றில்லை. கோயமுத்தூரில் கோட்டைமேடு என்னும் பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது.

நம்மிடம் ஓதும் இளைஞர்கள் இவ்வரலாற்றைப் பேசும்போது, ஒரு சொல்லைத் தவறாமல் சொல்வார்கள்: "பிரெஞ்சுக்காரர் மட்டும் சமயத்தில் வந்திருந்தால் திப்பு சுல்தான் தோற்றிருக்க மாட்டார்." திப்புவின் மீது அவர்களுக்குள்ள அன்பு நமக்கும் உண்டு. அன்பு உண்மையை மறைக்கலாகாது என்பதனால்தான் இதனை எழுதுகிறோம். வராமற்போன துணையைப் பற்றி ஏங்குகிறோமேயன்றி, வந்த துணைகள் என்ன செய்தன என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் ஹைதர் அலியின் கதையைக் கேட்போம். 1769 இல் சென்னையின் வாயில்வரை வந்து கும்பினியோடு உடன்படிக்கை செய்தார் அவர். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதிலொரு நிபந்தனை. அடுத்த ஆண்டுகளில் மராத்தியர் மைசூர்மீது படையெடுத்தனர். கும்பினி அசையவில்லை. ஹைதர் தம் வாழ்நாள் முழுவதும் அதனை மறக்கவில்லை. 1780 இல் அவர் கர்நாடகச் சீமையின்மீது பாய்ந்ததற்கு அந்த வஞ்சமும் ஒரு காரணமாயிற்று.

அடுத்து பிரெஞ்சுத் துணை. 1783 இல் மங்களூர்க் கோட்டையைத் திப்பு முற்றுகையிட்டிருந்தபோது ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானம் செய்துகொண்ட செய்தி வந்தது. உடனே பிரெஞ்சு வீரர்கள் போரிலிருந்து விலகிக்கொண்டனர். அவர்களுடைய போர் முடிந்துவிட்டது. திப்புவின் போர் முடியவில்லை. 1788 இல் அவருடைய தூதர்களைப் பதினாறாம் லூயி மன்னர் சிறப்பாக வரவேற்றார். விருந்து கிடைத்தது, படை கிடைக்கவில்லை. 1798 இல் மொரீசியஸ் தீவின் ஆளுநர் மலார்த்திக், திப்பு உதவி கேட்டிருக்கும் இரகசியத்தை ஊரறியப் பறைசாற்றினார். வந்து சேர்ந்தவர்களோ ஏறத்தாழ நூறு பேர். அந்த அறிக்கையையே சாக்காகக் கொண்டு வெல்லெஸ்லி பிரபு மைசூர்மீது போர் தொடுத்தார். துணை சிறிதாயினும் அதனால் விளைந்த பகை பெரிது.

துருக்கிக் கலீஃபாவிடமும் திப்பு தூதனுப்பினார். 1786 இல் புறப்பட்ட அத்தூதுக்குழு இஸ்தான்புல்லில் மரியாதை பெற்றது, படையுதவி பெறவில்லை. ருஷியாவோடு போரில் இறங்கிய உதுமானிய அரசுக்கு ஆங்கிலேயரின் நட்பு தேவைப்பட்டது. 1798 இல் நெப்போலியன் எகிப்தில் நுழைந்தபின், மூன்றாம் ஸலீம் சுல்தான் திப்புவுக்கு எழுதிய கடிதமோ பிரெஞ்சுக்காரரை விட்டு விலகுமாறு அறிவுறுத்தியது. ஒரே கலிமாவை மொழிந்தவர்களிடையேயும் அரசியல் கணக்குத் தனியே நின்றது. இதனைச் சொல்ல நமக்கு மனம் வருந்துகிறது. எனினும் சொல்லாதிருத்தல் முறையன்று.

சரி, வென்ற பக்கத்தில் நின்றவர்களாவது வாழ்ந்தார்களா? 1790 இல் ஹைதராபாத் நிஜாமும் மராத்தியரும் கும்பினியோடு சேர்ந்தனர். 1792 இல் திப்புவின் நாட்டில் பாதி மூவருக்கும் பங்காயிற்று. மூன்றே ஆண்டுகளில், 1795 இல், அதே மராத்தியர் கர்தா என்னுமிடத்தில் நிஜாமை வீழ்த்தினர். கும்பினி நடுநிலை என்று சொல்லி ஒதுங்கிற்று. அஞ்சிய நிஜாம் 1798 இல் கும்பினிப் படையைத் தம் செலவில் வைத்துக்கொள்ள ஒப்பினார். 1800 இல் அந்தச் செலவுக்கு ஈடாக, மைசூரிடமிருந்து தாம் பெற்ற பெல்லாரி, கடப்பைப் பகுதிகளை அக்கும்பினிக்கே எழுதிக் கொடுத்தார். பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் 1802 இல் வசாய் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். 1818 இல் அவருடைய ஆட்சியே இல்லாமற்போயிற்று.

அரபு வரலாற்று நூல்களை ஓதியவர்களுக்கு இது புதிய கதையன்று. அந்தலூஸில் சிற்றரசர்கள் ஒருவரோடொருவர் எல்லைக்காகப் பொருதுகொண்டு, காஸ்டில் மன்னர் ஆறாம் அல்ஃபோன்ஸோவுக்குக் கப்பம் கட்டி வந்தனர். கப்பம் தாங்காமற்போனபோது செவில் அரசர் முஃதமித், மராக்கிஷிலிருந்து யூசுஃப் இப்னு தாஷ்ஃபீனை அழைத்தார். கி.பி. 1086 இல், ஹிஜ்ரி 479 இல், ஸல்லாக்கா போர்க்களத்தில் வெற்றி கிட்டியது. 1091 இல் யூசுஃபின் படையே செவிலைக் கைக்கொண்டது. முஃதமித் அக்மாத்தில் கைதியாக வாழ்ந்து 1095 இல் மறைந்தார்.

நாம் அறிந்த ஊரொன்றில் அண்ணன் தம்பி இருவருக்கு வரப்புத் தகராறு. எழுத்தறிந்தவர் என்பதனால் சமாதானப் பத்திரம் எழுத நம்மை அழைத்திருந்தார்கள். பேச்சு நான்கு முழ நிலத்தைத் தாண்டவில்லை. ஆனால் ஒருவருக்குச் செல்வர் ஒருவர் வழக்குச் செலவுக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தத் துணிவில் அவர் எழுந்து போய்விட்டார். வேறு வழியின்றி மற்றவரும் அதே செல்வரிடம் கடன்பட்டார். பத்தாண்டுக்குப் பின் இருவர் காடும் அவர் பெயரில் இருந்தது. தகராறுக்குரிய எல்லைக்கல் யாரும் பிடுங்காமல் அங்கேயே நின்றது. இரு பக்கமும் ஒருவருக்கே சொந்தமாகிவிட்டதால் அதற்குப் பொருளில்லாமற்போயிற்று.

அப்படியானால் துணையே வேண்டாமா என்று கேட்கலாம். அவ்வாறு சொல்லவில்லை. வள்ளுவர் வலியறிதலில் துணைவலியையும் சீர்தூக்கச் சொன்னார். ஆனால் தன்வலியை அதற்கு முன்னே வைத்தார். துணைக்கு வருபவன் தன் காரியம் முடிந்ததும் போய்விடுவான். போகாவிட்டால் கூலி கேட்பான். கூலிக்குப் பணம் போதாதபோது நிலம் கேட்பான். எல்லாவற்றினும் கேடானது மற்றொன்று: வலியவன் பின்னால் நிற்கிறான் என்ற எண்ணம், அண்டை வீட்டானோடு பேசும் பொறுமையை நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது. 1780 இல் மைசூரும் பூனாவும் ஹைதராபாத்தும் கும்பினிக்கெதிராக ஒருமுறை கைகோத்தன. அந்தக் கைகளைக் கும்பினி ஒவ்வொன்றாய்ப் பிரித்தெடுத்தது. பிரிய இசைந்தவர்கள் நம்மவர்களே.

ஆகவே, பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். திப்புவின் வாளைப் பற்றிச் சொல்லுங்கள். கூடவே 1769, 1792, 1798 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதனையும் சொல்லுங்கள். இன்றும் அண்டை நாடுகள் ஓரடி மண்ணுக்காகத் தொலைதூர வல்லரசுகளின் வாயிலில் நிற்கின்றன. அச்செய்தியை நாளேட்டில் படிக்கும் நம் பிள்ளைகள், எந்த வல்லரசு யார் பக்கம் என்று கேட்பதற்கு முன்னால், அந்தத் துணைக்கு விலை என்ன, அதனை யார் கொடுப்பார் என்று கேட்கப் பழகட்டும்.