முதல் துவக்கு வாங்குவதற்கு முன்

லெஸ்ரர்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய மூன்று துவக்குகளின் படங்களும் கிடைத்தன. மூன்றும் பார்க்க வடிவானவைதான். ஆனால் மூன்றுக்கும் கீழே நீ எழுதியிருந்த கேள்வி ஒன்றே: "மாமா, எதற்கு எஃப்பிஎஸ் கூட?" அந்தக் கேள்வியை இப்போதே விட்டுவிடு. இந்த நாட்டில் அதனால் உனக்கு ஒரு நன்மையும் இல்லை. தொடர்ச்சியாகச் சுடும் ஏர்சொஃப்ட் துவக்குக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் எல்லை வைத்திருக்கிறது. மைதானங்கள் அதற்கும் கீழேதான் நிற்கின்றன. 0.20 கிராம் குண்டு போட்டுச் சுட்டால் செக்கனுக்கு 350 அடி, அதாவது 350 எஃப்பிஎஸ், என்பதுதான் பெரும்பாலான இடங்களில் சாதாரண துவக்குக்கு உச்சம். கணக்குப் போட்டுப் பார், 1.14 ஜூல் வரும். காலையில் விளையாட்டுத் தொடங்க முன்னர் ஒவ்வொரு துவக்கையும் குரோனோ என்ற வேகமானியில் அளப்பார்கள். கூடினால் அன்றைக்கு அந்தத் துவக்கு பைக்குள்தான். ஆகவே களத்தில் சாதாரண துவக்கோடு நிற்கிற எல்லாருடைய வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம் எல்லாம் குண்டு எங்கே போய் விழுகிறது என்பதில் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது ஹொப்-அப். குழாயின் தொடக்கத்தில் ஒரு சின்ன றப்பர். குண்டு வெளியேறும்போது அதன் மேற்பக்கத்தை அந்த றப்பர் உரசிப் பின்நோக்கிச் சுழல வைக்கும். சுழலும் குண்டுக்கு மேலே காற்று விரைவாகவும் கீழே மெதுவாகவும் போவதால், குண்டு கொஞ்ச நேரம் விழாமல் மிதந்துகொண்டே போகும். றப்பரின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சில்லு இருக்கும். அழுத்தம் குறைந்தால் குண்டு கெதியாக நிலத்தில் விழும். கூடினால் வானத்தைப் பார்த்து ஏறும். நல்ல ஹொப்-அப் உள்ள துவக்கில் அந்தச் சில்லை ஒருமுறை சரியாக வைத்தால் மாலை வரைக்கும் அசையாது. மலிவானதில் துவக்கு அதிர அதிர அது தானாகக் கழன்றுவிடும். கடையில் கையில் எடுத்தால் முதலில் அந்தச் சில்லைத்தான் திருப்பிப் பார். பிறகு 0.20 குண்டையும் மறந்துவிடு. 0.25 அல்லது 0.28 கிராம் குண்டு வாங்கு; வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் காற்று அதை இலகுவில் தள்ளாது. வெளி மைதானங்கள் பல மண்ணில் உக்கும் குண்டைத்தான் கேட்கும்.

மின்சாரத் துவக்குத்தான் வேண்டும் என்று நீ முடிவெடுத்தது சரி. காஸ் துவக்குகள் கையில் உதறும்போது மெய்யான துவக்குப் போலவே இருக்கும், ஆனால் குளிரில் காஸின் அழுத்தம் இறங்கிவிடும். இங்கே வருசத்தில் பாதி நாள் குளிர். மின்சாரத் துவக்கில் பற்றரி மோட்டரைச் சுழற்றும், மோட்டர் பற்சில்லுகளைச் சுழற்றும், பற்சில்லு பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை இறுக்கும். கடைசிப் பல் விட்டதும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை அமுக்கிக் குண்டைத் தள்ளும். அவ்வளவுதான். ஜப்பானின் டோக்கியோ மாருய் நிறுவனம் 1991இல் ஃபாமாஸ் என்ற பிரெஞ்சுத் துவக்கின் வடிவில் முதலாவதை விற்பனைக்கு விட்டது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை.

உன் மூன்று படங்களில் நான் சொல்வது எம்4 வடிவத்தைத்தான். ஏகே உனக்குப் பிடித்திருக்கிறது என்று தெரியும். ஆனால் எம்4க்கு ஒரு கம்பனியின் மகசின் இன்னொரு கம்பனியின் துவக்கிலும் பெரும்பாலும் பொருந்தும்; உன்னுடையது தீர்ந்தால் பக்கத்தில் நிற்பவனிடம் வாங்கிப் போடலாம். உதிரிப்பாகம் எங்கேயும் கிடைக்கும், திருத்தத் தெரிந்தவர்களும் கூட. பின்கட்டையை நீட்டிக் குறைக்கலாம். முகமூடி போட்டபடி கன்னத்தை வைத்துக் குறிபார்க்க இது மிகவும் உதவும். தாய்வானின் ஜி அன்ட் ஜி, போலந்தின் ஸ்பெக்னா ஆர்ம்ஸ், சீனாவின் சைமா, இந்த மூன்றில் எதை எடுத்தாலும் தொடங்குகிறவனுக்குக் காணும். உலோக உடல் வேண்டாம், பிளாஸ்டிக்கே போதும். நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது நீதான். மகசினில் 300க்கு மேல் பிடிக்கிற, சில்லுச் சுற்றுகிற வகை நடக்கும்போது கிலுகிலு என்று சத்தம் போடும். 120 பிடிக்கிற நடுத்தர வகையில் நாலைந்து வாங்கு.

இப்போது சட்டம். இதை மட்டும் இரண்டு தரம் வாசி. மெய்யானதைப் போலவே தோற்றமளிக்கும் துவக்கை யாருக்கும் விற்க 2006ஆம் ஆண்டின் வன்குற்றக் குறைப்புச் சட்டம் தடை போட்டது. காப்புறுதி உள்ள மைதானத்தில் விளையாடுகிறவருக்கு அதில் விலக்கு உண்டு. கடைக்காரர் அதை உறுதிப்படுத்தத்தான் யூகாரா பதிவு வைத்திருக்கிறார்கள். ஒரே மைதானத்தில் குறைந்தது மூன்று தரம், இரண்டு மாதத்துக்குக் குறையாத காலப்பகுதியில் நீ விளையாடியிருக்க வேண்டும். அதற்கு முன்னர் வாங்குவதென்றால் பாதிக்கு மேல் பளிச்சென்ற நீலம், செம்மஞ்சள் போன்ற நிறம் பூசிய துவக்குத்தான் கிடைக்கும், அதற்கும் 18 வயது வேண்டும். நீல நிறத்தை வாங்கி வந்து அறையில் கறுப்பு அடிக்கலாம் என்று நண்பன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். செய்யாதே. விலக்கு இல்லாமல் அப்படி மாற்றுவதும் அதே சட்டத்தில் குற்றம். நீ மாணவ விசாவில் இருக்கிறாய் என்பதை எப்போதும் நினைவில் வை. பொது இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் போலித் துவக்கு வைத்திருப்பதும் குற்றந்தான். ஆகவே பையில் போட்டுப் பூட்டி, பற்றரியையும் மகசினையும் கழற்றி, வீட்டிலிருந்து நேரே மைதானம், மைதானத்திலிருந்து நேரே வீடு. நடுவில் தேத்தண்ணிக் கடையில் பையைத் திறந்து யாருக்கும் காட்டக்கூடாது. பொலிஸுக்கு ஒரு அழைப்புப் போனால், தூரத்தில் நின்று பார்க்கும் ஆயுதப் பொலிஸ்காரருக்கு அது மெய்த் துவக்கு.

விடுதியிலும் வைக்காதே. போலி ஆயுதத்தையும் தடை செய்யும் விடுதிகள் பல. உன் ஒப்பந்தத்தை எடுத்துப் பார். என் வீட்டு மேலறை அலுமாரியில் பூட்டி வைக்கலாம். கொவென்ட்ரியிலிருந்து நீ வருகிற நாளுக்குப் பற்றரியைச் சார்ஜ் பண்ணி வைக்கிற வேலை என்னுடையது. 7.4 வோல்ட் லைப்போ வகைப் பற்றரி வாங்கு, 11.1 பக்கம் போகாதே. முதல் துவக்கின் பற்சில்லுகளை அது கெதியாகத் தின்றுவிடும். வாங்க முன்னர் பின்கட்டைக்குள் எந்த அளவு பற்றரி போகும் என்று கேட்டு எழுதிக்கொள். லைப்போ ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பழுதாகும். ஊதிப்போன பற்றரியை ஒருநாளும் சார்ஜில் போடக்கூடாது, தீப்பிடிக்கும். பக்கத்தில் ஆள் இல்லாமலும் சார்ஜ் பண்ணக்கூடாது.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை அனுப்ப மாட்டேன். காசை எடுத்து வைக்கும்போது முதல் பங்கு கண்ணாடிக்கு, மிச்சத்தில்தான் துவக்கு. ஈஎன் 166 என்று பொறித்திருக்கும் எல்லாக் கண்ணாடியும் ஒன்றல்ல. எஃப் என்ற எழுத்து இருந்தால், 0.86 கிராம் உருக்குக் குண்டைச் செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்தில் அடித்துச் சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது 0.87 ஜூல். உன் மேல் வந்து விழப்போகும் குண்டு சாதாரண துவக்கிலிருந்தே 1.14 ஜூல் வரைக்கும் இருக்கலாம். பி என்ற எழுத்துள்ளது 120 மீற்றர் வேகத்தில் சோதித்தது, 6 ஜூலுக்கு மேல். பி வாங்கு. முகத்தோடு ஒட்டிச் சுற்றிவர மூடும் வகையாக இருக்கட்டும். புகார் படிகிறதென்று களத்தில் ஒரு நொடிகூடக் கழற்றாதே. பல்லுக்கு வலை முகமூடி. முன்பல் உடைந்த பெடியளைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. உன் அம்மாவிடம், என் அக்காவிடம், நீ இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அவள் குடும்ப வாட்ஸப்பில் உன் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. எங்கள் வயதுக்காரர் காவலரணைக் கண்டதும் சைக்கிளை விட்டிறங்கி, துவக்கு முனைக்கு முன்னால் உருட்டிக்கொண்டு நடந்த தெருவில்தான் அவள் இன்றைக்கும் இருக்கிறாள். தலைக்கவசமும் துவக்குமாக நிற்கும் மகனின் படம் அவளுக்கு என்ன செய்யும் என்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. தொலைபேசியில் நீயே எடுத்துச் சொல். பிறகு நானும் கதைக்கிறேன். அவள் வேண்டாம் என்று சொன்னால் சில மாதம் பொறுத்துத் திரும்பக் கேட்போம். சொல்லாமல் வாங்கித் தர என்னால் முடியாது. ஊருக்குக் கொண்டுபோகிற எண்ணம் மனதில் இருந்தால் அதையும் இப்போதே அழித்துவிடு.

அவள் என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன் என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். இந்த விளையாட்டில் குண்டு பட்டால் சாயம் தெறிக்காது. பட்டது பட்டவனுக்குத்தான் தெரியும். அவனே கையை உயர்த்தி "ஹிட்" என்று கத்தி, வெளியே நடந்து போவான். நடுவர் பார்க்காவிட்டாலும் போவான். போகாதவனுடன் அடுத்த முறை யாரும் சேர மாட்டார்கள். துவக்கு வைத்திருப்பவன் தானாகவே "எனக்குப் பட்டுவிட்டது" என்று ஒத்துக்கொள்கிற ஒரு இடத்தை நான் முதன்முதலில் இங்கேதான் கண்டேன். அதற்காகவே போகிறேன். நீயும் அப்படி விளையாடுவாய் என்று நம்பித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சந்தேகமாக இருந்தால் பட்டது என்றே எடுத்துக்கொண்டு வெளியே வா.

ஆகவே இந்த மாதம் ஒன்றும் வாங்க வேண்டாம். முதல் மூன்று ஆட்டத்துக்கும் மைதானத்தின் வாடகைத் துவக்கையே எடு. பாரம் எப்படி, பின்கட்டை எவ்வளவு நீளம் வேண்டும், மரத்துக்குப் பின்னால் குந்தியிருந்து சுட நீண்ட குழாய் இடைஞ்சலா என்பதெல்லாம் அதிலேயே விளங்கிவிடும். யூகாராவுக்கான கணக்கும் அதற்குள் முடியும். பிறகு 150 முதல் 250 பவுணுக்குள் நல்லதாக ஒன்று எடுக்கலாம், கடைக்கு நானும் வருகிறேன்.

வருகிற ஞாயிறு முதல் ஆட்டம். கண்ணாடி நான் வாங்கிவிட்டேன், பி எழுத்துத்தான். வயதை உறுதிப்படுத்தக் கடவுச்சீட்டைக் கொண்டு வா, கணுக்காலை மூடும் சப்பாத்துப் போட்டு வா. சனி இரவே வந்தால் மாமி இடியப்பமும் சொதியும் வைப்பதாகச் சொன்னாள். எத்தனை மணி ரயில் என்று எழுது, நிலையத்துக்கு வருகிறேன்.

அன்புடன்,
மாமா